சொல் விளக்கம்: ஹைப்ரிட்

ஊட்டியிலும் குன்னூரிலும் கார் மாற்ற நினைக்கிறவர்கள் இப்போது கேட்பது, "டீசலா, பெட்ரோலா, ஹைப்ரிட்டா?" முதல் இரண்டும் பழகிய சொற்கள். டீசல் என்பது அந்த எஞ்சினை 1890களில் உருவாக்கிய ஜெர்மானியப் பொறியாளர் ருடால்ஃப் டீசலின் பெயர். ஆள் பெயரைத் தமிழாக்க வேண்டியதில்லை. பாறை, எண்ணெய் என்று பொருள்படும் இரு இலத்தீன் சொற்களிலிருந்து பிறந்தது பெட்ரோல். அதைக் கன்னெய் (கல் + நெய்) என்று எழுதுவோரும் உண்டு. சிக்கல் மூன்றாவதில்தான்.

ஹைப்ரிட்டின் மூலம் இலத்தீன். காட்டுப் பன்றிக்கும் வீட்டுப் பன்றிக்கும் பிறந்த குட்டிக்கு அங்கே வைத்த பெயர் அது. பிறகு இரண்டு வகை சேர்ந்து உண்டான எந்த உயிருக்கும், பயிருக்கும் அது பொதுப்பெயராகி, கடைசியில் எந்திரத்துக்கும் வந்தது. தமிழில் பயிருக்கு 'வீரிய ஒட்டு ரகம்', மாட்டுக்குக் 'கலப்பினம்' என்று நல்ல சொற்கள் ஏற்கெனவே இருக்கின்றன. அதையே காருக்கும் தூக்கிவைத்து 'கலப்பினக் கார்' என்பது எனக்கு ஒப்பவில்லை. காரில் இனம் ஏது? 'கலப்புக் கார்' என்றாலும் குழப்பம்தான்: எத்தனால் கலந்த பெட்ரோல் பங்குகளில் வந்துவிட்ட காலத்தில், அந்தப் பெட்ரோலில் ஓடும் கார் என்றே தோன்றும்.

காரில் இருப்பது இரண்டு விசை: ஒன்று எஞ்சின், இன்னொன்று பேட்டரியில் சுழலும் மோட்டார். விசைத்தறி, விசைப்படகு என்று நாம் புழங்கிய வழியிலேயே 'இருவிசைக் கார்' எனலாம். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. 2015இல் மாருதி சியாஸ் டீசலில் வந்தது போன்ற ஏற்பாட்டில், மோட்டார் எஞ்சினுக்குக் கைகொடுக்கும். தனியாகச் சக்கரத்தைச் சுற்றாது. அது 'துணைவிசை'. 1997இல் ஜப்பானில் வெளிவந்த டொயோட்டா பிரியஸ், 2022இல் இங்கே வந்த மாருதி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா ஹைரைடர் ஆகியவற்றின் 'ஸ்ட்ராங் ஹைப்ரிட்' வகைகளில் எஞ்சின் அணைந்தும் கார் நகரும். அதுதான் இருவிசை. ஹைப்ரிட் என்ற ஒரே சொல் இரண்டையும் மூடிவிடுகிறது. பணம் போடுகிறவருக்கோ அந்த வேறுபாடுதான் முக்கியம்.

சரி, மலையில் மைலேஜ் எப்படி? கிராண்ட் விட்டாரா இருவிசைக்குச் சோதனைக்கூடக் கணக்கு லிட்டருக்கு 27.97 கி.மீ. அதற்கு ஒரு முக்கியக் காரணம், பிரேக்கில் வீணாகும் ஆற்றலை மோட்டார் மின்சாரமாகத் திருப்பிப் பிடிப்பது. மே மாத சீசனில் ஊட்டி சேரிங் கிராஸ் பக்கம் ஊர்ந்து ஊர்ந்து போகும்போது இது அருமையாக வேலை செய்யும். காட் ரோட்டில் கணக்கு மாறும். ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் வரை இறக்கம் கிட்டத்தட்ட 1,900 மீட்டர். ஆட்களோடு ஒன்றரை டன் இருக்கும் கார் அவ்வளவு இறங்கினால் வெளிப்படும் ஆற்றல் 7 யூனிட்டுக்கு மேல். அந்தக் காரின் பேட்டரி கொள்வதோ முக்கால் யூனிட்தான். டயருக்கும் காற்றுக்கும் போனது போக மிஞ்சுவதே பேட்டரியைப் பலமுறை நிரப்பும். பர்லியாறு வருமுன்பே அது நிறைந்துவிடும். அப்புறம் எஞ்சின்தான் இழுத்துப் பிடிக்க வேண்டும். இறக்கத்தில் கியர் லீவரை 'B' (எஞ்சின் பிரேக்) நிலையில் போட்டு இறங்குவது அதற்காகத்தான். ஏற்றத்திலும் முக்கால் யூனிட் சீக்கிரமே தீர்ந்துபோகும்.

இங்கே டீசல் இன்னும் பிரியப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. உயரம் ஏற ஏறக் காற்று இளைக்கும். டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் 1,000 மீட்டருக்குச் சுமார் பத்தில் ஒரு பங்கு வலுவை இழக்கும். டர்போ டீசலில் அந்த இழப்பு குறைவு, குறைந்த சுழற்சியிலேயே இழுவையும் கிடைக்கும். ஆனால் பி.எஸ்.6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசலின் புகைக்கரி வடிகட்டி சுத்தமாவதற்கு நல்ல வேகத்தில் நீண்ட ஓட்டம் வேண்டும். வீட்டுக்கும் மார்க்கெட்டுக்கும் மட்டும் ஓட்டினால் அது அடைத்துக்கொண்டு செலவு வைக்கும். பக்கத்திலேயே சுற்றுகிறவர் டீசல் வாங்க வேண்டாம் என்பேன்; அவருக்குச் சாதாரண பெட்ரோல் காரே போதும், வாங்கும் விலையும் குறைவு.

மறுவிற்பனையில் டீசலுக்குப் பழைய மவுசு நாடெங்கும் குறைந்திருக்கிறது. மாருதி 2020 ஏப்ரலோடு டீசலை விட்டது; டில்லியில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கு எதிராக 2015இல் உத்தரவு வந்தது. தமிழ்நாட்டில் அப்படி வரம்பு இல்லை. மலையில் பொலிரோவுக்கும் இன்னோவாவுக்கும் ஆள் கிடைக்கவே செய்கிறார்கள். மலையில் ஓடிய மேனுவல் கார் என்றால் கீழே இருந்து வருபவர் கிளட்ச்சையும் பிரேக்கையும் பார்த்தே விலை பேசுவார். இருவிசையில் மிதிக்கும் கிளட்ச்சே கிடையாது. அங்கே பேரத்தைத் தீர்மானிப்பது பேட்டரி. புதிதாக வாங்கும்போது அதற்கு 8 ஆண்டு அல்லது 1.6 லட்சம் கி.மீ. உத்தரவாதம் தருகிறார்கள். பழைய காருக்கு 'ஹைப்ரிட்' என்று விளம்பரம் பார்த்தால், இருவிசையா துணைவிசையா என்று முதலில் கேளுங்கள். துணைவிசை என்றால் சாதாரணக் காரின் விலைக்கு மேல் அதிகம் கொடுக்க வேண்டியதில்லை. இருவிசை என்றால் உத்தரவாதத்தில் இன்னும் எவ்வளவு மிச்சம் என்று பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.