பச்சைத் தண்ணீரும் மூச்சுப் பயிற்சியும் உடம்புக்குள் என்ன செய்கின்றன?

மூட்டுவாதம், நாள்பட்ட வலி, தீராத சோர்வு, ரத்த அழுத்தம் என்று வருடக்கணக்கில் ஒரு நோயோடு வாழ்பவர் யாராக இருந்தாலும் இந்த யோசனை அவர் காதுக்கு வந்திருக்கும்: காலையில் சில்லென்ற தண்ணீரில் நில், வேகமாக மூச்சை இழுத்து விடு, பிறகு அடக்கு, மாத்திரை குறையும். சொல்பவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். கேட்பவரும் வேறு வழி தெரியாமல், அல்லது தன் உடம்பின் மேல் கொஞ்சமாவது தன் பிடி இருக்க வேண்டும் என்ற நியாயமான ஆசையில், முயன்று பார்க்கிறார். அந்த ஆசையை நான் மதிக்கிறேன். அதனால்தான், தண்ணீர் மேலே விழுந்த நொடியில் உள்ளே எது எதைத் தூண்டுகிறது, எந்த நோய்க்காரருக்கு அது உதவலாம், யாருக்கு அது ஆபத்து என்று தெரிந்துகொண்டு ஷவர் குழாயைத் திறப்பது நல்லது என்று நினைக்கிறேன்.

முதலில் குளிர். தோலுக்கு அடியில் இருக்கும் நரம்பு முனைகளில் குளிரை உணர்வதற்கென்றே டிஆர்பிஎம்8 என்று ஒரு புரதம் இருக்கிறது. மென்தால் பட்டால் குளிர்வதுபோல் தோன்றுவதற்கும் இதுவே காரணம். பரப்பளவு அதிகமான நெஞ்சு, முதுகு, தோள் எல்லாம் ஒரே நேரத்தில் குளிர்ந்தால் இந்த முனைகள் மொத்தமாகச் சேர்ந்து மூளைத்தண்டுக்குத் தகவல் அனுப்புகின்றன. உடனே நம்மை மீறி ஒரு பெரிய மூச்சு உள்ளே போகும், அதன் பின் கட்டுக்கடங்காத வேகத்தில் மூச்சு வாங்கும். இதயம் வேகமெடுக்கும், தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்கும், ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். இதைக் குளிர் அதிர்ச்சி என்கிறார்கள். இதன் உச்சம் முதல் 30 நொடிக்குள் வந்துவிடும், இரண்டு மூன்று நிமிடத்தில் அடங்கத் தொடங்கும். குளிர்ந்த நீரில் தவறி விழுபவர்களில் பலர் உடம்பு விறைத்துப்போகும் வரை காத்திருப்பதில்லை, இந்த முதல் மூச்சிலேயே தண்ணீரை உள்ளே இழுத்துவிடுகிறார்கள் என்பதை பிரிட்டனின் போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகத்தில் மைக் டிப்டன் பல ஆண்டுகளாக ஆராய்ந்து காட்டியிருக்கிறார். இன்னொரு விஷயமும் அதே ஆராய்ச்சிகளில் தெரிய வந்தது: ஒருசில தடவை குளிர்ந்த நீருக்குள் இறங்கிப் பழகினாலே இந்த அதிர்ச்சி கணிசமாகக் குறைந்துவிடுகிறது. முதல் வாரம் தாங்க முடியாமல் இருந்தது பிறகு சாதாரணமாகத் தோன்றுவதற்கு மனஉறுதி மட்டும் காரணமில்லை, நரம்பு மண்டலமே அதற்குப் பழகிவிடுகிறது.

கூடவே உடம்பை உஷார்ப்படுத்தும் நார்அட்ரினலின் என்ற ஹார்மோன் ஏறுகிறது. 14 டிகிரி நீரில் கழுத்து வரை ஒரு மணி நேரம் உட்கார்ந்த இளைஞர்களின் ரத்தத்தில் அது 530 சதவீதம் கூடியதாக 2000ஆம் ஆண்டு வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. குளித்து முடித்ததும் தலை தெளிவாக, உடம்பு விழிப்பாக, வலி கொஞ்சம் விலகி நிற்பதுபோல இருப்பதில் இதற்குப் பங்கு உண்டு. ஆனால் ஒரு மணி நேரம் மூழ்கி உட்காருவதும் ஒரு நிமிடம் ஷவரில் நிற்பதும் ஒரே அளவு மருந்து அல்ல. இந்த 530ஐ எடுத்து ஷவருக்குப் பொருத்திப் பேசுபவர்களை நம்பாதீர்கள்.

சரி, மூச்சு. இங்கேதான் பெரிய குழப்பம் இருக்கிறது, ஏனென்றால் மூச்சுப் பயிற்சி என்ற ஒரே பெயரில் நேர் எதிரான இரண்டு காரியங்கள் நடக்கின்றன. ஒன்று வேகமாக இழுத்து விடுவது, மற்றொன்று மெதுவாக்குவது.

நெதர்லாந்தைச் சேர்ந்த விம் ஹாஃப் பிரபலமாக்கியது வேகமான வகை. ஆழமாக, தொடர்ந்து, முப்பது தடவை அளவுக்கு இழுத்து விட்டு, கடைசியில் மூச்சை வெளியே விட்ட நிலையில் முடிந்தவரை அடக்குவது. இதைச் செய்யும்போது ஆக்ஸிஜன் நிறைய ஏறுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். ஆரோக்கியமான நுரையீரல் உள்ளவரின் ரத்தத்தில் ஆக்ஸிஜன் ஏற்கெனவே கிட்டத்தட்ட நிறைந்துதான் இருக்கிறது, அதற்கு மேல் ஏற்ற அங்கே இடம் கிடையாது. நடப்பது வேறு. கார்பன் டை ஆக்ஸைடு மளமளவென்று வெளியேறுகிறது, ரத்தம் காரத்தன்மைக்கு மாறுகிறது, ரத்தத்தில் தனித்து மிதக்கும் கால்சியம் குறைகிறது, நரம்புகள் எளிதில் தூண்டப்படும் நிலைக்கு வருகின்றன. விரல் நுனியும் உதட்டைச் சுற்றியும் குறுகுறுப்பது, கை தானாக மடங்க இழுப்பது எல்லாம் இதனால்தான், ஏதோ சக்தி ஏறுவதால் அல்ல. மூளையின் ரத்தக்குழாய்களும் சுருங்குவதால் தலை லேசாகச் சுற்றும். மூச்சு முட்டுகிறது என்ற உணர்வை உடம்பு பெரும்பாலும் கார்பன் டை ஆக்ஸைடை வைத்துத்தான் உருவாக்குகிறது, ஆக்ஸிஜனை வைத்து அல்ல. அதை முன்கூட்டியே வெளியேற்றிவிட்டால் அந்த எச்சரிக்கை மணி அடிக்காது, ஆக்ஸிஜன் எவ்வளவு இறங்கினாலும் ஆள் நிம்மதியாக உட்கார்ந்திருப்பார், பிறகு ஒன்றும் தெரியாமல் மயங்குவார். தரையில் உட்கார்ந்திருந்தால் விழித்துக்கொள்வார், தண்ணீருக்குள் இருந்தால் அதோடு முடிந்துவிடும். ஆகவே வேக மூச்சையும் தண்ணீரையும் ஒருபோதும் சேர்க்கக் கூடாது. குளியல் தொட்டியிலும் கூடாது, நீச்சல் குளத்திலும் கூடாது, ஷவரில் நின்றுகொண்டும் கூடாது. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்.

இவ்வளவு ஆபத்து இருந்தும் விஞ்ஞானிகள் ஏன் இதைக் கவனித்தார்கள்? 2014இல் நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு பரிசோதனைதான் காரணம். ஆரோக்கியமான 24 ஆண்கள், அதில் பாதிப்பேர் குளிர், தியானம், வேக மூச்சு என்று சில நாட்கள் பயிற்சி எடுத்தவர்கள். எல்லோருக்கும் ஈ.கோலை பாக்டீரியாவின் நச்சுப் பகுதியை மட்டும் மிகக் குறைந்த அளவில் ஊசியாகப் போட்டார்கள். இதைப் போட்டால் சில மணி நேரத்துக்குக் காய்ச்சல், குளிர் நடுக்கம், தலைவலி, குமட்டல் வரும், பிறகு சரியாகிவிடும். பயிற்சி பெற்றவர்கள் ஊசிக்கு அரை மணி நேரம் முன்பே மூச்சுப் பயிற்சியைத் தொடங்கித் தொடர்ந்து செய்தார்கள். அவர்கள் ரத்தத்தில் அட்ரினலின் எகிறியது. அழற்சியைத் தணிக்கும் ஐஎல்-10 என்ற புரதம் சீக்கிரமே ஏறியது. அழற்சியைத் தூண்டும் புரதங்களான டிஎன்எஃப், ஐஎல்-6, ஐஎல்-8 மூன்றும் மற்றவர்களைவிடக் கிட்டத்தட்டப் பாதியாக இருந்தன. உடல்நலக் கோளாறும் குறைவாகவே தெரிந்தது. தன்னிச்சையாக இயங்கும் நரம்பு மண்டலத்தையும் அதன் வழியாக நோய் எதிர்ப்பு மண்டலத்தையும் மனிதன் விரும்பித் தொட முடியும் என்று ஆய்வகத்தில் காட்டியது சின்ன விஷயமில்லை.

முடக்குவாதம் உள்ளவர்களுக்கு டிஎன்எஃப் என்ற பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காரத் தோன்றும். அவர்கள் போட்டுக்கொள்ளும் விலை உயர்ந்த ஊசிகளில் பல, அடாலிமுமாப், இன்ஃப்ளிக்சிமாப் போன்றவை, தடுப்பதே இந்த டிஎன்எஃப்பைத்தான். அப்படியானால் மூச்சாலேயே தடுத்துவிடலாமே? இங்கே நிதானிக்க வேண்டும். அந்த ஆய்வில் இருந்தவர்கள் நோயில்லாதவர்கள். அழற்சி தொடங்கும் முன்பே பயிற்சியைத் தொடங்கிவிட்டார்கள். அளந்ததோ சில மணி நேரம் நீடிக்கும் ஒரு செயற்கைக் காய்ச்சலை. ரத்தத்தில் கலந்த அட்ரினலின் சில நிமிடங்களிலேயே பாதியாகிவிடும். ஆனால் மூட்டில் வருடக்கணக்காகக் குடியிருக்கும் அழற்சி இரவும் பகலும் ஓடிக்கொண்டிருப்பது. ஊசி மருந்து வாரக்கணக்கில் ரத்தத்தில் தங்குகிறது, மூச்சால் வந்த அட்ரினலின் தங்குவதில்லை.

அப்புறம் இதில் குளிரின் பங்கு எவ்வளவு, மூச்சின் பங்கு எவ்வளவு? அதே பல்கலைக்கழகக் குழு 2022இல் இரண்டையும் பிரித்துச் சோதித்தது. குளிர்ப் பயிற்சி மட்டும் எடுத்தவர்களிடம் அழற்சி குறையவில்லை. மூச்சு மட்டும் செய்தவர்களிடம் அட்ரினலினும் ஐஎல்-10ம் ஏறின. இரண்டும் சேர்ந்தபோது விளைவு இன்னும் பலமாக இருந்தது. இந்த முடிவு பரவலாகப் பேசப்படாததில் எனக்கு வருத்தம்தான், ஏனென்றால் அழற்சியைக் குறைக்கும் நம்பிக்கையில் பல்லைக் கடித்துக்கொண்டு குளிர்ந்த நீரில் மட்டும் நிற்பவர்கள் ஏராளம்.

நோயாளிகளிடம் நேராகச் சோதித்தது குறைவு. முதுகுத்தண்டைப் பிடிக்கும் ஸ்பான்டிலோ ஆர்த்ரைட்டிஸ் உள்ள 24 பேரிடம் 8 வாரம் நடந்த ஆய்வு 2019இல் வெளியானது. பயிற்சி எடுத்தவர்களிடம் அழற்சியைக் காட்டும் இஎஸ்ஆர் நடுமதிப்பு 16இலிருந்து 9க்கு இறங்கியது, எடுக்காதவர்களிடம் இறங்கவில்லை. அழற்சியைக் காட்டும் இன்னொரு ரத்த அளவான சிஆர்பியில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. பாதுகாப்பானதா என்று பார்ப்பதே அதன் முக்கிய நோக்கம், அதில் தேறியது. சிறிய ஆய்வு. யாருக்குக் குளிர்ந்த நீர், யாருக்கு இல்லை என்பதை மறைக்கவும் வழியில்லை, தண்ணீர் குளிர்கிறதா இல்லையா என்று எல்லோருக்கும்தான் தெரியுமே. ஆகவே நம்பிக்கையால் வந்த நன்மை எவ்வளவு என்று பிரிப்பது கடினம்.

எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு வேறொன்று. 2016இல் நெதர்லாந்தில் 3,018 பேரை வைத்துச் செய்தது. ஒரு பகுதியினர் வழக்கமான குளியலின் முடிவில் 30, 60 அல்லது 90 நொடி குளிர்ந்த நீரில் நின்றார்கள், 30 நாள். அவர்கள் உடம்பு சரியில்லை என்று வேலைக்கு விடுப்பு எடுத்தது 29 சதவீதம் குறைந்தது. ஆனால் உடம்பு சரியில்லாமல் இருந்த நாட்களின் எண்ணிக்கை குறையவில்லை! நோய் வந்தது, இருந்தும் எழுந்து வேலைக்குப் போக முடிந்தது. நாள்பட்ட நோய் உள்ளவருக்கு இது அற்பமான விஷயம் இல்லை, நோய் போகாவிட்டாலும் நாளை நடத்த முடிவதே பாதி வெற்றி. 90 நொடி நின்றவர்களுக்கு 30 நொடி நின்றவர்களைவிடக் கூடுதல் பலன் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இனி மெதுவான மூச்சு. நெருக்கமாகக் கவனித்தால் இது ஓர் அழகான ஏற்பாடு. கழுத்துத் தமனியிலும் பெருந்தமனியிலும் ரத்த அழுத்தத்தை அளக்கும் உணரிகள் இருக்கின்றன. அழுத்தம் ஏறினால் மூளைத்தண்டுக்குச் சொல்கின்றன, மூளைத்தண்டு இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு வழியாக இதயத்தை மெதுவாக்குகிறது, அழுத்தம் இறங்குகிறது. ஒரு சுற்று முடிய ஏறக்குறைய 10 நொடி ஆகும். இன்னொரு பக்கம், மூச்சை இழுக்கும்போது இதயம் சற்று வேகமாகவும் விடும்போது மெதுவாகவும் துடிக்கிறது. மணிக்கட்டில் விரலை வைத்து மெதுவாக மூச்சு விட்டாலே சிலருக்கு இது தெரியும். இப்போது ஒரு மூச்சுக்கு 10 நொடி, அதாவது நிமிடத்துக்கு 6 மூச்சு என்று வைத்தால் இரண்டு சுற்றும் ஒத்துப்போகின்றன. ஊஞ்சல் திரும்பும் நேரம் பார்த்துத் தள்ளினால் சின்னத் தள்ளலுக்கே அது உயரப் போகுமே, அப்படி. அந்த அனிச்சைச் செயல் கூர்மையாகிறது, ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அழுத்தம் சற்று இறங்குவதையும் அளந்திருக்கிறார்கள். இத்தாலியில் லூச்சானோ பெர்னார்டி குழு 2001இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், லத்தீன் ஜெபமாலையும் யோக மந்திரமும் ஓதுபவர்களின் மூச்சு தானாகவே நிமிடத்துக்கு 6 அளவில் வந்து நிற்பதைக் கண்டார்கள்.

2023இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் தினம் 5 நிமிடம் செய்யக்கூடிய மூச்சு முறைகளை ஒரு மாதம் ஒப்பிட்டார்கள். மூக்கால் ஒரு மூச்சு இழுத்து, அதன் மேல் இன்னும் கொஞ்சம் இழுத்து, வாயால் நீளமாக விடுவதுதான் மனநிலையை உயர்த்துவதில் முன்னால் நின்றது. நோயைவிட நோயைப் பற்றிய பதற்றமே பாதி தூக்கத்தைத் தின்றுவிடும் ஒருவருக்கு இதைத்தான் நான் முதலில் சொல்வேன். செலவில்லை, ஆபத்து மிகக் குறைவு, வலி அதிகமான நாளில் படுத்துக்கொண்டே செய்யலாம்.

யாருக்கு எது ஆகாது என்பது நோயைப் பொறுத்தது. இதய ரத்தக்குழாய் அடைப்பு, இதயத் துடிப்புக் கோளாறு, கட்டுப்படாத ரத்த அழுத்தம் இருந்தால் குளிர் அதிர்ச்சியை விளையாட்டாக எடுக்கக் கூடாது. முகம் குளிரும்போது இதயத்தை மெதுவாக்கும் கட்டளையும், உடம்பு குளிரும்போது வேகமாக்கும் கட்டளையும் ஒரே நேரத்தில் போய் மோதுவதால் துடிப்பு தாறுமாறாகலாம். ரேனாட் நோயில் விரல்கள் வெளுத்து நீலமாகும், குளிரால் தோல் தடிக்கும் ஒவ்வாமை உள்ளவருக்கு மொத்த உடம்பும் நனைந்தால் மயக்கம் வரை போகலாம், ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளையும் அரிவாள் செல் நோயில் குளிரானது கடும் வலி நெருக்கடியைக் கிளப்பும். ஆஸ்துமாவில் வேக மூச்சே காற்றுக்குழாயைச் சுருக்கிவிடும். வலிப்பு நோய் உள்ளவர்கள் வேக மூச்சைத் தொடவே வேண்டாம், மூளை அலைப் பரிசோதனையின்போது மறைந்திருக்கும் வலிப்பு அலையை வெளியே கொண்டுவர மருத்துவர்கள் செய்யச் சொல்வதே அந்த வேக மூச்சைத்தான். நீரிழிவால் கால் மரத்தவருக்குத் தண்ணீர் எவ்வளவு குளிர்ச்சி என்று பாதம் சொல்லாது. கொஞ்சம் உழைத்தாலே மறுநாள் படுக்கையில் விழும் சோர்வு நோய் உள்ளவர்களுக்குக் குளிர் அதிர்ச்சியும் ஒரு உழைப்புதான், அதையும் அன்றைய கணக்கில் சேர்க்க வேண்டும். நரம்புகளின் மேலுறை உரிந்துபோகும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயின் கதை வேறு மாதிரி: உறை உரிந்த நரம்பு சூட்டில் இன்னும் மோசமாகக் கடத்தும், எம்ஆர்ஐ வருமுன் வெந்நீரில் உட்காரவைத்து நோயைக் கண்டுபிடித்ததும் அதனால்தான். அவர்களில் பலருக்கு மிதமான குளிர்ச்சி சில மணி நேரத்துக்கு உண்மையாகவே கை கொடுக்கிறது.

தொடங்குவதென்றால் முதலில் மெதுவான மூச்சில் தொடங்குங்கள். குளிரும் வேண்டுமென்றால் வழக்கமான வெதுவெதுப்பான குளியலின் கடைசியில் பாதம், முழங்கால், கை என்று மேலே வந்து, நெஞ்சுக்கு வரும்போது மூச்சை நீளமாக வெளியே விட்டபடி, 15 நொடியில் நிறுத்துங்கள். தலையையும் முகத்தையும் பிறகு பார்க்கலாம். நெஞ்சு இறுகினால், துடிப்பு தப்பினால், விரல் வெளுத்து நெடுநேரம் நிறம் திரும்பாவிட்டால் அன்றோடு விட்டுவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். மாத்திரையை மட்டும் நீங்களாகக் குறைக்காதீர்கள். நன்றாக இருப்பதாகத் தோன்றினால் அந்த வாரத்துத் தூக்கம், வலி, காலை விறைப்பு நீடித்த நேரம் மூன்றையும் குறித்துக்கொண்டு, அடுத்த ரத்தப் பரிசோதனை முடிவோடு அந்தத் தாளையும் சேர்த்து மருத்துவர் மேஜையில் வையுங்கள். ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் அதை முதல் வரியாகச் சொல்லுங்கள், ஏனென்றால் குளிரும் வேக மூச்சும் எழுப்பும் அட்ரினலின் வேலை செய்யும் அதே வாசலைத்தான் அந்த மாத்திரை அடைத்து வைத்திருக்கிறது.