கூகைச் சிறகும் கிளுவை வேலியும்

கோயமுத்தூருக்குக் கிழக்கே ஒரு நூல் மில். அங்கே மில்லுக்குள் காற்றை ஈரப்பதமாக வைக்கும் ஹியூமிடிட்டி பிளான்ட்டில் புதிதாக மாட்டிய காற்றாடி இராத்திரியானால் ஒரே சுருதியில் இரையும். மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு. அந்த வீட்டு ஆத்தா தினமும் காலையில் வந்து வாட்ச்மேனைப் பிடித்துக்கொள்வார். காற்றாடியை வடிவமைத்துக் கொடுத்தது நான்.

அந்தச் சமயம் ஜப்பான் புல்லட் ரயில் கதையில் நான் மயங்கிக் கிடந்தேன். மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் 1997-இல் ஓடத் தொடங்கிய 500 வரிசை ரயில் அது. சுரங்கப்பாதைக்குள் ரயில் பாயும்போது முன்னால் நெருக்கப்படும் காற்று, மறுமுனையில் வெடிபோலச் சத்தமிட்டு வெளியேறும். அந்த ரயிலின் உருவாக்கத்தில் இருந்த எய்ஜி நகாட்சு பறவை பார்க்கிற பழக்கம் உள்ள பொறியாளர். தெறிப்பில்லாமல் தண்ணீருக்குள் இறங்கும் மீன்கொத்தியின் அலகைப் பார்த்து ரயிலின் மூக்கை நீட்டினார். கூரைமேல் மின்கம்பியைத் தொடும் கையின் இரைச்சலைக் குறைக்க ஆந்தைச் சிறகிலிருந்து யோசனை எடுத்தார்.

சத்தம்தானே நம் பிரச்சினையும் என்று நான் ஆந்தையைப் பிடித்துக்கொண்டேன். கூகை என்கிற ஆந்தையின் சிறகு முன்விளிம்பில் சீப்புப் பல் மாதிரி ஒரு வரிசை இருக்கும். அதேபோல எட்டு பிளேடுக்கும் பல் வெட்டி மாட்டினோம். பட்டறையில் பார்த்தவர்கள் எல்லாம் மெச்சினார்கள். முதல் வாரம் இரைச்சல் அப்படியே இருந்தது. இரண்டாம் வாரம் அதிர்வும் சேர்ந்துகொண்டது. நிறுத்திப் பார்த்தால், பல் இடுக்கெல்லாம் பஞ்சு சிக்கி ஒவ்வொரு பிளேடுக்கும் தாடி முளைத்திருந்தது. எல்லா பிளேடிலும் ஒரே அளவாகவும் இல்லை. பேலன்ஸ் போய் பேரிங்கும் போனது. செலவு என் கையிலிருந்து.

உட்கார்ந்து கணக்குப் போட்டபோதுதான் வெட்கமாக இருந்தது. நம் காற்றாடியின் விட்டம் 1.2 மீட்டர், நிமிடத்துக்கு 960 சுற்று. பிளேடு முனை விநாடிக்குச் சுமார் 60 மீட்டர் வேகத்தில் போகிறது. கூகை எலியைத் தேடிப் பறக்கும் வேகம் அதில் பத்தில் ஒரு பங்குதான். அதன் சிறகுப் பல் அடக்குவது 'புஸ்ஸ்' என்கிற சிதறலான காற்றோசையை. ஆத்தாவின் தூக்கத்தைக் கெடுத்ததோ ஒற்றைச் சுருதி. அதுபோக, கூகை பஞ்சு பறக்கிற இடத்தில் வாழ்வதில்லை. தன் சிறகைத் தானே கோதிச் சுத்தம் செய்துகொள்ளும். என் பிளேடுக்கு யார் கோதிவிடுவது?

மாணவர்கள் புராஜெக்ட் என்று மீன் வடிவக் கார், தேன்கூட்டு வடிவ மேசை எல்லாம் கொண்டுவந்து காட்டும்போது இதைத்தான் சொல்கிறேன். வடிவத்தைப் பார்க்காதீர்கள், அது அங்கே என்ன வேலை பார்க்கிறது, எந்த வேகத்தில், எந்த அளவில் என்று முதலில் கேளுங்கள். வெல்க்ரோ கதையில் எல்லோருக்கும் ஞாபகம் இருப்பது அந்த ஒருநாள் நடை: 1941-இல் சுவிட்சர்லாந்துக்காரர் ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் நாயோடு போய்வந்தார், ரோமத்தில் முள்காய் ஒட்டியிருந்தது, மைக்ராஸ்கோப்பில் கொக்கிகளைக் கண்டார். காப்புரிமை கையில் கிடைத்தது 1955-இல். நடுவில் போன பதினாலு வருஷத்தை யாரும் சொல்வதில்லை. நம் வேட்டியிலும் நாயுருவி காலங்காலமாக ஒட்டிக்கொண்டுதான் வருகிறது; பிடுங்கிப் போட்டுவிட்டு உள்ளே போகிறோம்.

சரி, என் காற்றாடிக்கு வருகிறேன். அந்த ஆடியில் காங்கயம் பக்கம் மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று அங்கே ஆளைத் தள்ளும். கொரங்காட்டில், அதாவது மேய்ச்சல் காட்டில், ஒரு பக்கம் கிளுவை முள்செடியை நட்டு வளர்த்த பழைய வேலி, இன்னொரு பக்கம் புதிதாகக் கட்டிய சுவர். (கிளுவையைப் பிடுங்கிவிட்டுக் கல்லுக்காலும் கம்பியும் நடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.) நான் காற்றுக்கு ஒதுங்கச் சுவர்ப் பக்கம் போனேன்.

"ஏங் கண்ணு, அங்க போய் ஏன் நிக்கிற? செவுத்துக்குப் பொறத்தால புழுதி சுத்தும். ஆடெல்லாம் எங்க படுத்திருக்குது பாரு" என்றார் மாமா.

ஆடுகள் எல்லாம் வேலியை ஒட்டிப் படுத்திருந்தன. வேலி காற்றில் பாதியை உள்ளே விடுகிறது, வேகத்தை மட்டும் உறிஞ்சிக்கொள்கிறது. சுவர் முழுசாகத் தடுக்கிறது. காற்று அதன் மேலேறி, பின்னால் சுருண்டு விழுகிறது. காற்றைப் படித்து வயிறு வளர்க்கிற எனக்கு இது பாடத்தில் இருந்ததுதான். சுழலைச் செருப்புக்கடியில் பார்த்தபோதுதான் மில்லில் அந்தச் சுவர் ஞாபகம் வந்தது. காற்றாடியின் உறிஞ்சுவாய்க்கு எதிரே நாலடி தள்ளி, சாரல் அடிக்காமல் இருக்க அவர்கள் எழுப்பிய முழுச்சுவர். நான் வரைபடத்தைப் பார்த்து வடிவமைத்தவன். வரைபடத்தில் சுவர் இல்லை.

சுவர் விளிம்பில் சுருளும் காற்றை ஒவ்வொரு பிளேடும் வெட்டிக்கொண்டு போகிறது. விநாடிக்கு 16 சுற்று, எட்டு பிளேடு, ஆக விநாடிக்கு 128 வெட்டு. அதுதான் அந்தச் சுருதி. மூன்று மாதமாக பிளேடைத் திருத்திக்கொண்டிருந்தவன், தவறான பொருளைக் கையில் வைத்திருந்தேன்.

சுவரை முழுக்க இடிக்க மேனேஜர் ஒத்துக்கொள்ளவில்லை. நடுப்பகுதியை எடுத்து, செங்கல்லை ஒன்றுவிட்டு ஒன்று வைத்து, பாதிக்குப் பாதி ஓட்டையாகக் கட்டினோம். சாரலுக்கு மேலே ஒரு தகரச் சாய்ப்பு. பிளேடு பழையபடி மொழுக்கென்று இருக்கிறது. சுருதி அடங்கி வெறும் காற்றோசை மிஞ்சியது.

ஆத்தா அடுத்த வாரமும் வாட்ச்மேனிடம் வந்தாராம். இப்போது டிரான்ஸ்ஃபார்மர் சத்தம் கேட்கிறதாம்.