ஊருக்குப் போனால் தொட்டி மீன்கள் பட்டினி கிடக்குமா?

ஒன்பது நாள் பயணம் முடிந்து வீட்டுக் கதவைத் திறந்ததும் வாடைதான் முதலில் வந்தது. அறுபது லிட்டர் தொட்டி, பால் கலந்தது போல வெளுத்துக் கிடந்தது. அடியில் இருந்த கூழாங்கற்கள் மேல் ஊறி உப்பிப்போன உணவு, அதன் மேல் பஞ்சு போலப் பூஞ்சை. உயிரோடு இருந்த மூன்று மோலி மீன்களும் தண்ணீர் மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. சாவியை வாங்கிப் பார்த்துக்கொண்டவர் மீது குறை சொல்ல ஒன்றுமில்லை. "நான் வந்து நின்னாலே கண்ணாடிக்கு ஓடி வந்துச்சுங்க. பசிக்குதுன்னு நினைச்சு இன்னும் கொஞ்சம் போட்டேன்" என்றார். அன்போடுதான் போட்டார். எவ்வளவு போட வேண்டும் என்று நான்தான் சொல்லாமல் போயிருந்தேன். என் மீன்கள் பசியால் சாகவில்லை. சாப்பாடு மிஞ்சிப்போனதால் செத்தன.

மீன் கண்ணாடிக்கு ஓடி வருவது பசியின் அடையாளம் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். உண்மையில் அது பழக்கம். ஆள் நிழல் தெரிந்தால் உணவு விழும் என்று அது கற்று வைத்திருக்கிறது. வயிறு நிறைந்திருந்தாலும் வரும்.

நமக்கு ஒரு வேளை தவறினாலே சோர்ந்துவிடுகிறதே, மீன் எப்படித் தாங்கும்? நம் உடல் எந்நேரமும் 37 டிகிரியைக் காத்தாக வேண்டும். சாப்பிடுவதில் பெரும்பங்கு அந்தச் சூட்டுக்கே போய்விடுகிறது. தொட்டி மீனுக்கு அந்தச் செலவே கிடையாது. தண்ணீரின் வெப்பம்தான் அதன் உடல் வெப்பம். காற்றுப்பை மிதக்க வைப்பதால் உடலைத் தூக்கி நிறுத்தவும் அது மெனக்கெட வேண்டாம். கழிவை அகற்றுவதிலும் அதற்கு மிச்சம்தான். நாம் புரதக் கழிவான அம்மோனியாவை யூரியாவாக மாற்ற ஆற்றல் செலவழிக்கிறோம். மீன் அதை அப்படியே செவுள் வழியாகத் தண்ணீரில் விட்டுவிடுகிறது. உணவு கிடைக்காத நாட்களில் கல்லீரலில் சேர்த்த கிளைகோஜென் என்ற சர்க்கரைச் சேமிப்பும் உடல் கொழுப்பும் கைகொடுக்கின்றன. தசையில் உள்ள புரதம் பெரிய அளவில் கரைவது பிறகுதான்.

அதனால் நன்றாக வளர்ந்த, நோயில்லாத மீன்கள் ஒரு வாரம் உணவில்லாமல் இருப்பது பெரிய விஷயமல்ல. தங்கமீன் போன்ற பெரிய உடல்காரர்கள் இரண்டு வாரம்கூடத் தாங்கும். செடியும் பாசியும் உள்ள பழைய தொட்டி என்றால் கொறிக்க ஏதாவது இருந்துகொண்டே இருக்கும். குஞ்சுகள் கதை வேறு. அவற்றுக்குச் சேமிப்பும் இல்லை, வளர்ச்சியும் நிற்காது; நாளுக்குப் பல வேளை வேண்டும். நோயிலிருந்து தேறிவரும் மீனையும், ஏற்கெனவே மெலிந்ததையும் பட்டினி போடக் கூடாது. வெப்பமும் கணக்கில் வரும்: தண்ணீர் 10 டிகிரி கூடினால் மீனின் உடல் செலவு ஏறக்குறைய இரட்டிப்பாகும். சூடான தொட்டியில் சேமிப்பு சீக்கிரம் கரையும்.

மிஞ்சிய உணவு என்ன செய்கிறது என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். மீன் உணவில் சுமார் 40 சதவீதம் புரதம். புரதத்தின் எடையில் ஆறில் ஒரு பங்கு நைட்ரஜன். ஒரு கிராம் உணவு சாப்பிடப்படாமல் முழுதாக அழுகினால் அதிலிருந்து ஏறக்குறைய 78 மில்லிகிராம் அம்மோனியா வர முடியும். ஐம்பது லிட்டர் தொட்டியில் அது லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராம். ஒரு கிராம் என்பது கை நிறைய அல்ல, இரண்டு மூன்று பெரிய சிட்டிகைதான்.

அந்த அம்மோனியா முழுவதும் ஒரே மாதிரி விஷமல்ல. தண்ணீரில் அது இரண்டு வடிவில் இருக்கும்: மின்னூட்டம் பெற்ற அம்மோனியம், மின்னூட்டமில்லாத அம்மோனியா. இரண்டாவதுதான் செவுளைச் சுலபமாகக் கடந்து உள்ளே போய் எரிக்கிறது. தண்ணீரின் அமில, காரத்தன்மையைக் காட்டும் அளவு பிஎச். பிஎச் 7 ஆக இருக்கும் 25 டிகிரி தண்ணீரில் அதன் பங்கு ஒரு சதவீதத்துக்கும் குறைவு; பிஎச் 8 ஆனால் 5 சதவீதத்தைத் தாண்டும். ஒரே அளவு உணவு, ஒரு வீட்டில் ஒன்றும் செய்யாமலும் இன்னொரு வீட்டில் மீனைக் கொன்றும் போவதற்கு இது ஒரு காரணம்.

இதைச் சமாளிக்கத்தான் ஃபில்டருக்குள் பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும், இன்னொன்று அதைக் கெடுதல் குறைந்த நைட்ரேட்டாக்கும். 1890-இல் நுண்ணுயிரியலாளர் செர்கெய் வினோகிராட்ஸ்கி இவற்றைக் கண்டு சொன்ன நாளிலிருந்து, இது இரண்டு பேர் சேர்ந்து செய்யும் வேலை என்றுதான் நம்பியிருந்தார்கள். இரண்டையும் ஒரே பாக்டீரியா தனியாகவே முடிக்கும் என்பது 2015-இல்தான் தெரிந்தது. அதில் ஒரு கண்டுபிடிப்பு மீன் வளர்ப்புத் தொட்டியின் ஃபில்டரிலிருந்தே வந்தது. எனக்கு இது மிகவும் பிடித்த செய்தி. ஆனால் இந்தப் பாக்டீரியாக்கள் மெதுவாகப் பெருகுபவை. தினமும் வரும் அம்மோனியாவுக்கு ஏற்ற அளவில்தான் கூட்டம் இருக்கும். திடீரென்று மூன்று மடங்கு வந்தால் கைவிட்டுவிடும். அழுகலைத் தின்னும் மற்ற பாக்டீரியாக்களோ சில மணி நேரத்தில் பெருகி, தண்ணீரை வெளுக்க வைத்து, ஆக்ஸிஜனையும் உறிஞ்சிவிடும். மோலிகள் மேலே வந்து வாயைத் திறந்தது இதனால்தான்.

ஒரு வாரத்துக்குள் திரும்புவதாக இருந்தால் நான் இப்போது யாரையும் உணவு போடச் சொல்வதில்லை. அதற்கு மேல் என்றால் மாத்திரை டப்பாவில் நாள்வாரியாகச் சிட்டிகை அளந்து வைத்து, மீதிப் பொட்டலத்தை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவேன். தானியங்கி உணவூட்டி நல்லதுதான். ஆனால் அதை ஒரு வாரம் முன்பே மாட்டி ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். காற்றுக்குமிழிகளுக்கு மேலே வைத்தால் ஈரம் ஏறி உணவு கட்டியாகிவிடும்; ஒன்று விழாமல் நிற்கும், இல்லையென்றால் மொத்தமாக விழும். விடுமுறைக்கென்று விற்கும் வெள்ளைக் கட்டிகளை நான் நம்புவதில்லை. அவற்றில் பல, உணவைப் பிடித்து வைத்திருக்கும் கால்சியம் சல்பேட் கட்டிகள். கரையக் கரையத் தண்ணீரின் கடினத்தன்மை ஏறும், மீன் தொடாத உணவு அடியில் சேரும்.

கிளம்புவதற்கு இரண்டு மூன்று நாள் முன்னால் கொஞ்சம் தண்ணீர் மாற்றுங்கள். கிளம்பும் அன்று ஃபில்டரைக் கழுவாதீர்கள், "போகிறோமே" என்று வயிறு முட்டப் போடவும் வேண்டாம். விளக்கை டைமரில் எட்டு மணி நேரத்துக்கு விட்டுவிட்டால் போதும். சாவி வாங்குபவரிடம் கேட்க வேண்டிய உதவி உணவு அல்ல: ஃபில்டர் ஓடுகிறதா, தண்ணீர் மட்டம் இறங்கியிருக்கிறதா, செத்த மீன் ஏதும் மிதக்கிறதா என்று எட்டிப் பார்ப்பதுதான்.

திரும்பி வந்ததும் மீன்கள் கண்ணாடிக்கு ஓடி வரும். பட்டினியில் அவற்றின் குடல் சுவர் சற்றுச் சுருங்கியிருக்கும். முதல் இரண்டு நாளும் வழக்கத்தில் பாதி போதும்.