பேனரின் கீழ்மூலையில் ஒரு சின்ன வரி

தர்மபுரியில் பிளக்ஸ் அச்சடிக்கும் கடை வைத்திருக்கிறேன். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி, கிருஷ்ணகிரிப் பக்கம் எருது விடும் விழா என்று எல்லாவற்றுக்கும் ஆர்டர் வரும். காலையில் வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பிவிட்டு, "அண்ணா, சாயங்காலம் கட்டணும்" என்பார்கள். நாங்களும் அடித்துக் கொடுப்போம். அனுமதி வாங்கியாச்சா என்று கேட்கும் பழக்கமே எனக்குப் பல வருடம் இல்லை. அதை முதலில் கேட்க வேண்டியவர்கள் அச்சடிக்கிற நாங்கள்தான்.

ஓர் ஆடி மாதம், பென்னாகரம் சாலைத் திருப்பம் ஒன்றில் கட்டியிருந்த நினைவஞ்சலி பேனர் காற்றில் சாய்ந்தது. எக்ஸெல் வண்டியில் வந்த ஒரு பெரியவர் அதில் சிக்கி விழுந்தார். மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. காரியம் முடிந்து பத்து நாளுக்கு மேல் ஆகியும் யாரும் அதைக் கழற்றவில்லை. நான் போய்ப் பார்த்தபோது பேனரின் கீழ்மூலையில் என் கடைப் பெயரும் போன் நம்பரும் இருந்தன. அனுமதி எண் இல்லை.

அந்த எண் இருந்திருக்க வேண்டும். டிஜிட்டல் பேனர்களுக்கென்று 2011இல் வந்த விதிகளின்படி 15 நாள் முன்பே மாவட்ட ஆட்சியருக்கு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. காவல் துறையிடமும், சாலை யாருடையதோ அந்த நெடுஞ்சாலைத் துறையிடமோ உள்ளாட்சியிடமோ தடையின்மைச் சான்று வாங்க வேண்டியிருந்தது. அனுமதி அதிகபட்சம் 6 நாளுக்குத்தான் கிடைத்தது. அனுமதி எண்ணோடு அச்சகத்தின் பெயரும் பேனரிலேயே இருக்க வேண்டும் என்றும் அந்த விதிகள் சொல்லின. 2023 ஏப்ரலில் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்குப் புதிய விதிகள் வந்தன. அனுமதியில்லாத விளம்பரப் பலகைக்கு 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம் என்று அரசு எச்சரித்தது. இப்போது எந்தப் படிவம், எவ்வளவு கட்டணம் என்பதை உங்கள் நகராட்சியிலோ பேரூராட்சியிலோ நேரில் கேட்டுவிடுங்கள், பக்கத்துக் கடைக்காரர் சொன்னதை நம்ப வேண்டாம்.

"ரெண்டு நாள்தானே அண்ணா, ரெண்டு சவுக்குக் கம்பு நட்டாப் போதாதா?" என்று கேட்பார்கள். கணக்கைப் பாருங்கள். பத்துக்கு எட்டு பேனர் என்றால் 80 சதுர அடி. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால் 120 கிலோவுக்கு மேலான விசை அதைத் தள்ளும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகிவிடும். ஒரு அடிக் குழியும் கட்டுக்கம்பியும் இதைத் தாங்குமா? காற்று போகட்டும் என்று பேனரை அங்கங்கே அரைவட்டமாகக் கிழித்து விடுவதும் பெரிதாக உதவாது.

விழாவிட்டால்கூட ஆபத்து உண்டு. நான்கு ரோடு போன்ற சந்திப்பில் ஆள் உயரத்துக்கு ஒரு பேனர் நின்றால், குறுக்கே வரும் பள்ளிப் பிள்ளை ஓட்டுநர் கண்ணுக்குக் கடைசி நொடியில்தான் தெரியும். சர்வீஸ் ரோட்டிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் ஏறுகிற இடத்திலும் இதே கதைதான்.

2019 செப்டம்பர் 12 அன்று சென்னை பள்ளிக்கரணையில் சாலை நடுத்திட்டில் வைத்திருந்த திருமண பேனர், ஸ்கூட்டரில் போன சுபஸ்ரீ என்ற இளம்பெண் மேல் விழுந்தது. கீழே விழுந்தவர் மீது பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறிவிட்டது. அவர் இறந்துவிட்டார். 23 வயது. அந்தப் பேனரை அச்சடித்த கடைக்கு அதிகாரிகள் சீல் வைத்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இப்போது அனுமதி நகலைப் பார்த்த பிறகுதான் டிசைனில் கை வைக்கிறேன். எண்ணுக்கும் கடைசித் தேதிக்கும் கீழே ஒரு வரி ஒதுக்கிவிடுவேன். நகல் இல்லையென்றால், மண்டபத்துக்குள் மேடைக்குப் பின்னால் கட்டுகிற அளவுக்கு மட்டும் அடித்துத் தருகிறேன். சிலர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போகிறார்கள். அதனால்தான் தர்மபுரி, கிருஷ்ணகிரியில் இந்தத் தொழில் செய்யும் எல்லோரையும் கேட்கிறேன்: நீங்களும் அந்த நகலைக் கேளுங்கள். எல்லாக் கடையிலும் கேட்டால் போக வேறு கடை இருக்காது.

அனுமதி முடிகிற அன்று காலையில் நானே போன் செய்து கழற்றச் சொல்கிறேன். ஆள் இல்லை என்றால் எங்கள் பையனை அனுப்புவேன். கழற்றிய பிளக்ஸை வைக்கோல் போர் மூடவும், ஆட்டுக்கொட்டகைக்குத் தடுப்பு கட்டவும் யாராவது கேட்டு வாங்கிப் போய்விடுகிறார்கள்.