ஐஸ் பெட்டியில் மீன்: எவ்வளவு ஐஸ், எவ்வளவு தடிமன்?

சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். விடுமுறை நாள்களில் விடிவதற்கு முன்பே கிளம்பி, மேட்டூர் நீர்த்தேக்கத்தின் பண்ணவாடிப் பக்கம் தூண்டில் போடச் செல்பவர் அவர். சென்ற சித்திரையில் காலை ஏழு மணிக்குக் கிடைத்த கட்லாவைத் தெர்மாகோல் பெட்டியில் ஒரு முழு ஐஸ் பாளத்தின்மேல் கிடத்தி மூடியிருக்கிறார். மாலையில் வீட்டில் திறந்தபோது பாளம் பாதிக்குமேல் மிச்சமிருந்தும், மீனின் செவுள் வெளிறி, வயிற்றுச் சதை விரல் பட்டாலே குழைந்ததாம். சில நூறு ரூபாய்ப் பெட்டி முதல், ஐந்து நாள் ஐஸ் தாங்கும் என்று எழுதி ஒட்டிய பல ஆயிரம் ரூபாய்ப் பெட்டி வரை கடையில் இருக்கின்றனவே, எதை வாங்குவது என்று கேட்கிறார்.

ஐஸ் மிச்சமிருந்தும் மீன் கெட்டது என்ற செய்தியில்தான் பாதி விடை இருக்கிறது.

மீன் இறந்ததும் அதன் குடலிலும் தசையிலும் உள்ள நொதிகள் அதன் உடலையே செரிக்கத் தொடங்குகின்றன என்பதும், செவுள், தோல், குடல் ஆகியவற்றில் இருந்த பாக்டீரியாக்கள் பிறகு சதைக்குள் புகுகின்றன என்பதும் பலரும் அறிந்தவை. இந்த வேலை நடக்கும் வேகம் வெப்பநிலையைப் பொறுத்தது. 0 டிகிரி செல்சியஸில் மீன் கெடும் வேகத்தை 1 என்று வைத்துக்கொண்டால், 5 டிகிரியில் அது ஏறத்தாழ இரண்டேகால் மடங்கு, 10 டிகிரியில் 4 மடங்கு. வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் நடுத்தட்டில் வைத்த மீனைவிட ஐஸில் புதைத்த மீன் அதிக நாள் தாங்குவது இதனால்தான். ஆகவே நமக்கு வேண்டியது 'சில்லென்று' இருக்கும் பெட்டி அன்று. மீனின் நடுமுள் வரைக்கும் 0 டிகிரியை விரைவில் கொண்டுபோய், அங்கேயே நிறுத்திவைக்கும் ஏற்பாடு.

அந்த ஏற்பாட்டைப் பனிக்கட்டி தானாகவே செய்கிறது. நான் இயற்பியலில் மிகவும் நேசிக்கும் நிகழ்வுகளில் இது ஒன்று. 1760களில் கிளாஸ்கோவில் ஜோசப் பிளாக் என்னும் பேராசிரியர், ஒரே மாதிரியான இரண்டு கண்ணாடிக் குடுவைகளை ஒரு கூடத்தில் வைத்தார். ஒன்றில் பனிக்கட்டி, மற்றொன்றில் அதே எடையுள்ள, உறைநிலையை ஒட்டிய குளிர்ந்த நீர். நீர் அரை மணி நேரத்தில் எட்டிய வெப்பநிலையை, பனிக்கட்டி இருந்த குடுவை எட்டப் பத்தரை மணி நேரம் ஆயிற்று. இடைப்பட்ட நேரமெல்லாம் கூடத்தின் வெப்பம் அந்தக் குடுவைக்குள் போய்க்கொண்டேதான் இருந்தது. ஆனால் வெப்பமானியில் அது தெரியவில்லை. பனிக்கட்டியின் மூலக்கூறுகளைப் பிணைத்திருக்கும் கட்டுகளைத் தளர்த்துவதிலேயே அவ்வெப்பம் முழுவதும் செலவாகிவிட்டது. பள்ளியில் உள்ளுறை வெப்பம் என்று படித்தது இதைத்தான்.

1 கிலோ பனிக்கட்டி உருக 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும். 0 டிகிரியில் உள்ள 1 கிலோ நீரை 80 டிகிரிக்குச் சூடேற்றப் போதுமான வெப்பம் அது. அத்தனையையும் விழுங்கிவிட்டு, உருகிய நீர் இன்னமும் 0 டிகிரியிலேயே நிற்கிறது. கடைசித் துண்டு கரையும்வரை, ஐஸோடு நன்றாகக் கலந்து கிடக்கும் எதுவும் அந்த எல்லையைத் தாண்ட முடியாது. இதைவிட நம்பகமான வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவியை மனிதர் எவரும் செய்து தந்ததில்லை என்பது என் கருத்து.

ஆனால் 'நன்றாகக் கலந்து' என்பது முக்கியம். பாளத்தின்மேல் கிடத்திய மீனின் ஒரு பக்கம் மட்டுமே ஐஸைத் தொடும். மறுபக்கத்தைச் சூழ்ந்திருப்பது காற்று. அசையாத காற்றைவிட நீர் இருபது மடங்குக்கு மேல் நன்றாக வெப்பத்தைக் கடத்தும். பாளத்தைச் சாக்கில் சுற்றித் தட்டிச் சிறு துண்டுகளாக்கி, ஒரு வரிசை ஐஸ், ஒரு வரிசை மீன், மறுபடி ஐஸ் என்று அடுக்கினால், உருகும் நீர் மீனின் வளைவுகளிலெல்லாம் வழிந்து, துடுப்பின் இடுக்கிலும் செவுள் மூடியின் அடியிலும் புகுந்து, அங்கிருந்த வெப்பத்தை ஏந்திக்கொண்டு கீழே இறங்கும். அதன் இடத்துக்கு மேலிருந்து புதிய 0 டிகிரி நீர் வரும். மீனைக் குளிர்விக்கும் வேலையின் பெரும்பகுதியை ஐஸ் அன்று, உருகிய நீரே செய்கிறது. அஸ்தம்பட்டி வாசகரின் பெட்டியில் இந்த வழிதல் நடக்கவே இல்லை.

இனிக் கணக்கு. 30 டிகிரியில் இருக்கும் 1 கிலோ மீனை 0 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 108 கிலோஜூலை வெளியேற்ற வேண்டும்; அதற்கு உருகும் ஐஸ் 330 கிராமுக்குச் சற்றுக் குறைவு. 5 கிலோ மீனுக்கு 1.6 கிலோ போதும். மிச்ச ஐஸை எல்லாம் தின்பது பெட்டியின் சுவர்தான். சுமார் 40 லிட்டர் பெட்டியின் சுவர்ப்பரப்பு 0.8 சதுர மீட்டர் என்றும், வெளியே 35 டிகிரி என்றும் கொள்வோம். 25 மில்லிமீட்டர் தெர்மாகோல் சுவர் வழியே ஏறத்தாழ 39 வாட் வெப்பம் உள்ளே கசியும். மணிக்கு 400 கிராமுக்கு மேல் ஐஸ் போய்விடும். 30 மில்லிமீட்டர் பாலியூரித்தேன் நுரை அடைத்த பெட்டியில் கசிவு 23 வாட், இழப்பு மணிக்குக் கால் கிலோ. பன்னிரண்டு மணி நேரப் பயணத்துக்கு முன்னதில் 5 கிலோ, பின்னதில் 3 கிலோ. 60 மில்லிமீட்டர் சுவர் உள்ள விலையுயர்ந்த பெட்டி இன்னும் ஒன்றரைக் கிலோவை மிச்சப்படுத்தும். ஆனால் பெட்டியே அதைவிடக் கூடுதலாகக் கனக்கும். இரண்டு நாள் தங்கி மீன் பிடிப்பவருக்கு அது தகும். காலையில் போய் மாலையில் சேலம் திரும்புபவருக்கு 30 மில்லிமீட்டர் நுரைச் சுவரும் ஆறு கிலோ உடைத்த ஐஸும் போதும் என்று உறுதியாகச் சொல்வேன்.

கடையில் பெட்டியின் சுவரைவிட மூடியைக் கவனியுங்கள். விலை குறைந்த பல பெட்டிகளில் சுவருக்குள் நுரை இருக்கும், மூடி மட்டும் வெறும் கூடாக இருக்கும். விரலால் தட்டினால் ஓசையே காட்டிக்கொடுத்துவிடும். வெயில் நேராக விழுவது அந்த மூடியில்தான். ஒரு காகிதத் துண்டை விளிம்பில் வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். தடையின்றி உருவிக்கொண்டு வந்தால் ரப்பர்ப் பட்டை சரியில்லை. அடியில் நீர் வடியும் திருகு வேண்டும், ஏனெனில் மீன் குளிர்ந்தபின் இரத்தமும் வழும்பும் கலந்த நீரில் அதை ஊறவிடலாகாது. நீளமாகத் தட்டையாக உள்ள பெட்டியைவிடக் கனசதுரத்தை ஒட்டிய வடிவம் நல்லது. அதே கொள்ளளவுக்குப் பரப்புக் குறைவு.

ஐஸோடு உப்பைக் கலந்தால் கூடுதலாகக் குளிரும் என்று சிலர் செய்கிறார்கள். குளிரும் என்பது உண்மைதான், உப்பு மிகுந்தால் கலவை -21 டிகிரி வரைகூட இறங்கும். ஆனால் மீன் சதை -1 டிகிரியை ஒட்டியே உறையத் தொடங்கும். பெட்டிக்குள் மெதுவாக உறையும்போது பெரிய பனிப்படிகங்கள் திசுக்களைக் கிழித்துவிடும், குழம்பில் போட்டால் மீன் உதிர்ந்துபோகும்.

இதைவிட எனக்கு வருத்தம் தருவது, 'ஐஸ் வைத்த மீன் பழைய மீன்' என்று நம் ஊர்ச் சந்தைகளில் நிலைத்துவிட்ட எண்ணம். அதற்குப் பயந்தே பலர் மீனை வெறும் தட்டில் பரப்பி, நண்பகல் வரை விற்கிறார்கள். வாங்குபவர் ஐஸைப் பார்த்து ஒதுங்காமல், ஐஸ் இல்லாததைப் பார்த்து ஒதுங்க வேண்டும். கொச்சியில் 1957 முதல் இயங்கும் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் போன்ற ஆய்வு நிறுவனங்கள் நம்மிடம் உள்ளன. ஏற்றுமதி இறாலுக்குச் செலவிடும் அக்கறையில் ஒரு பங்கையேனும், பரிசலிலும் மொபெட்டிலும் கட்டிச் செல்லத் தக்க மலிவான ஐஸ் பெட்டிக்கு அரசு ஒதுக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

வாசகருக்கு இன்னும் ஒரு நல்ல செய்தி. குளிர்நாட்டு நீரில் வாழும் மீன்களின் பாக்டீரியாக்கள் குளிருக்குப் பழகியவை. ஐஸிலும் அவை ஓரளவு வளரும். மேட்டூர் நீரின் வெதுவெதுப்பில் வளர்ந்த கட்லா, ரோகு மீன்களின்மேல் இருப்பவற்றில் பெரும்பாலானவை வெப்பத்துக்குப் பழகியவை என்பதால் 0 டிகிரியில் ஒடுங்கிவிடுகின்றன. அதனால் வெப்பமண்டல மீன்கள் ஐஸில் பொதுவாக அதிக நாள் தாங்கும். முந்தைய இரவே சிறிது ஐஸ் போட்டுப் பெட்டியின் உட்சுவரைக் குளிர வைத்து, கரையிலேயே குடலையும் செவுளையும் நீக்கி, வயிற்றுக்குள்ளும் ஒரு பிடி ஐஸை அடைத்து அடுக்கி, தினமும் நீரை வடித்துப் புது ஐஸ் சேர்த்துவந்தால், ஞாயிற்றுக்கிழமை பிடித்த கட்லாவைப் புதன்கிழமையும் தயங்காமல் குழம்பு வைக்கலாம்.