தகைவு முறிவு: எலும்புக்கு ஏது மன அழுத்தம்?

"இடது கையின் மன அழுத்த எலும்பு முறிவு, ஆரம்பச் சந்திப்பு." சரிபார்க்கச் சொல்லி என்னிடம் வந்த ஒரு நோயாளர் பதிவுத் தாளின் தமிழாக்கத்தில் இருந்த வரி இது. ஓயாத சுமையால் எலும்பு முறிவதைக் குறிக்கும் 'ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர்' என்ற ஆங்கிலத் தொடரைத்தான் இப்படி ஆக்கியிருந்தார்கள். இந்தப் பிழையைத் திருத்தித் திருத்திக் கை ஓய்ந்துவிட்டது. இதைப் படிக்கும் நோயாளி, கவலையால் தன் எலும்பு உடைந்தது என்றுதான் நினைத்துக்கொள்வார். மாதக்கணக்கில் டென்னிஸ் மட்டையை வீசியதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்றே அவருக்குத் தோன்றாது.

ஆங்கிலத்தில் 'ஸ்ட்ரெஸ்' என்ற சொல்லின் வேர், இறுக்கிக் கட்டுதலைக் குறிக்கும் லத்தீன் வினை. 19ஆம் நூற்றாண்டில் பொறியியலார் அதைப் பொருள்களுக்குள் எழும் விசையைக் குறிக்க எடுத்துக்கொண்டார்கள். 20ஆம் நூற்றாண்டில் மருத்துவ ஆராய்ச்சியாளர் ஹான்ஸ் செல்யே அதை உடலியலுக்குக் கொண்டுவந்தார். அங்கிருந்து அது மனத்துக்குப் போனது. மூன்று பொருள்களில் கடைசியாக வந்ததை எடுத்து எலும்பின்மேல் ஒட்டுவதுதான் இந்த மொழிபெயர்ப்பு.

நோயின் வரலாறும் இதற்கு இடம் தரவில்லை. 1855இல் பிரஷ்யப் படை மருத்துவர் பிரைத்ஹாப்ட், நெடுந்தூரம் நடந்த வீரர்களின் பாதங்களில் வந்த வலியையும் வீக்கத்தையும் விவரித்தார். அது எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்படுவதற்கு 40 ஆண்டுகள் முந்தைய காலம். எலும்பில் ஒரே சுமை திரும்பத் திரும்ப விழுகிறது, நுண்ணிய சிதைவுகளைச் சரிசெய்ய எலும்புக்கு அவகாசம் கிடைப்பதில்லை, கடைசியில் முறிகிறது. பாதத்திலும் காலிலும் இது மிகுதி, கையில் அரிது. டென்னிஸ் ஆடுபவருக்கு ஆள்காட்டி விரலுக்குக் கீழுள்ள உள்ளங்கை எலும்பிலும், ஜிம்னாஸ்டிக்ஸ் வீரருக்கு மணிக்கட்டின் படகெலும்பிலும் வரலாம். முதல் எக்ஸ்ரேயில் பல நேரம் ஒன்றும் தெரியாது. எம்ஆர்ஐ முன்பே காட்டிவிடும்.

'மன'வை வெட்டிவிட்டு 'அழுத்த முறிவு' என்று எழுதினால் போதாதா என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. போதாது. அழுத்தம் என்ற ஒரு சொல்லின் தலையில் ஏற்கெனவே எத்தனை வேலைகள்! ரத்த அழுத்தம், காற்றழுத்தம், மன அழுத்தம் எல்லாம் அதுதான். மனச்சோர்வு என்று எழுத வேண்டிய இடத்திலும் மன அழுத்தம் என்றே எழுதுகிறார்கள். முறிவுகளுக்குள்ளேயே மோதலும் இருக்கிறது. முதுகெலும்புக் கட்டை அமுங்கி நொறுங்குவதை அமுக்க முறிவு என்றும் அழுத்த முறிவு என்றும் எழுதுகிறார்கள். அமெரிக்காவில் 2015 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ள ஐசிடி-10-சிஎம் என்ற நோய்க் குறியீட்டுத் தொகுப்பில் அந்த நொறுங்கல் எம்48.5இன் கீழ் வரும். அதே முதுகெலும்பில் ஓயாத சுமையால் வரும் முறிவுக்கு எம்48.4. இரண்டுக்கும் தமிழில் ஒரே பெயர் வைத்தால் குறியிடுபவர் எதைக் கொண்டு பிரிப்பார்?

இன்னொன்று: மட்டை பிடித்த கையின் எலும்பை யாரும் அழுத்தவில்லை. தசை இழுக்கிறது, எலும்பு வளைகிறது, முறுக்கப்படுகிறது. இழுப்பு, அமுக்கம், சறுக்கு மூன்றையும் அடக்கிய சொல் நம் இயற்பியல் பாடநூலிலேயே இருக்கிறது: தகைவு. தகைதல் என்றால் தடுத்தல். வெளிவிசையைத் தடுத்து நிற்கப் பொருளுக்குள் எழும் விசைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது. பிளஸ் ஒன் மாணவன் படிக்கும் சொல்லை மருத்துவ மொழிபெயர்ப்பாளர் மட்டும் ஏன் தொடாமல் விடுகிறார்? "நோயாளிக்குப் புரியாது" என்பது சோம்பலுக்குச் சொல்லும் சாக்கு. தகைவு முறிவு என்று எழுதி, பக்கத்தில் 'ஓயாத வேலையால் எலும்பில் விழுந்த முறிவு' என்று ஒரு வரி சேர்த்தால் யாருக்கும் புரியும். தவறாகப் புரிவதைவிடக் கேட்டுத் தெரிந்துகொள்வது மேல்.

குறியீட்டில் இதன் விளைவு சிறியதல்ல. முதுகெலும்பு நீங்கலாக, தகைவு முறிவு எம்84.3இல் அடங்கும், அடிபட்டதால் கையில் ஏற்படும் முறிவு எஸ்62க்குப் போகும். வெறுமனே 'எலும்பு முறிவு' என்று எழுதினால் விபத்துக் காயமாகிவிடும். 'மன அழுத்தம்' என்று எழுதினால் மன அழுத்தக் கோளாறுகளுக்கான எஃப்43 பக்கம் தேட வைக்கும்.

'இடது கை' என்பதும் எனக்கு உறுத்தியது. தமிழில் தோளிலிருந்து விரல் நுனிவரை எல்லாமே கைதான். குறியீட்டுத் தொகுப்பு அப்படிப் பார்ப்பதில்லை: மேல்கை எலும்பு எம்84.32, முன்கை எலும்புகள் எம்84.33, மணிக்கட்டுக்குக் கீழே எம்84.34. அதற்குள்ளும் வலது கை எம்84.341, இடது கை எம்84.342, விரல்கள் என்றால் 344, 345. ஆகவே எந்த எலும்பு என்று பெயர் சொல்லி எழுத வேண்டும்.

குறியீட்டின் கடைசியில் நின்று சிகிச்சை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று சொல்லும் ஏழாவது எழுத்துதான் 'ஆரம்பச் சந்திப்பு' ஆகியிருந்தது. 'ஏ' என்ற அந்த எழுத்து முதல் வருகையைக் குறிப்பதில்லை. முறிவுக்கு நேரடிச் சிகிச்சை நடக்கும் காலம் முழுவதற்கும், நோயாளி மூன்றாவது முறையாக வந்தாலும், அதுவே. எலும்பு சரியாகக் கூடிவரும் காலத்தில் 'டி'. கூடாமல் போனால் 'கே', கோணலாகக் கூடினால் 'பி'. அதே தாளில் 'கே'க்கு 'ஒன்றியமின்மை' என்று எழுதியிருந்தார்கள். எலும்பு கூடிவிட்டது, கூடவில்லை என்றுதானே காலங்காலமாகப் பேசுகிறோம்? கூடாமை என்று எழுத என்ன தடை?

நான் திருத்தி அனுப்பிய வரி: "இடது உள்ளங்கையின் இரண்டாம் எலும்பில் தகைவு முறிவு, சிகிச்சைக் கட்டம், எம்84.342ஏ."