தன்பாலீர்ப்பு: ஒரு சொல்லும் அதன் வழக்குகளும்

ஒருவருக்குத் தம் பாலினத்தைச் சேர்ந்தவர்மீது இயல்பாக எழும் காதலையும் உடல்சார்ந்த நாட்டத்தையும் சேர்த்துக் குறிக்கும் பெயர்ச்சொல் தன்பாலீர்ப்பு. ஆங்கிலத்தில் ஹோமோசெக்சுவாலிட்டி எனப்படுவதற்கு இணையாகத் தமிழ் நாளிதழ்களில் நெடுங்காலம் நிலைத்திருந்த சொல் ஓரினச்சேர்க்கை. பின்னது ஒரு செயலைச் சுட்டுகிறது. முன்னது ஒரு மனிதரின் இயல்பைச் சுட்டுகிறது. சட்டம் தண்டித்தது செயலையா, மனிதரையா என்பதுதான் இந்திய நீதிமன்றங்களில் நடந்த சமத்துவப் போராட்டத்தின் நடுக்கேள்வியாகவும் இருந்தது என்பதால், இச்சொல்லின் வரலாற்றை அந்த வழக்குகளிலிருந்து பிரித்துச் சொல்ல இயலாது.

ஹோமோசெக்சுவல் என்பது மருத்துவர்கள் படைத்த சொல் என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் அது ஒரு சட்ட எதிர்ப்பிலிருந்து பிறந்தது. ஜெர்மன் மொழியில் எழுதிய கார்ல் மரியா கெர்ட்பெனி என்ற ஹங்கேரிய எழுத்தாளர் 1868ஆம் ஆண்டு ஒரு தனிக்கடிதத்தில் அதை முதலில் கையாண்டார். அடுத்த ஆண்டு, ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கிய, பிரஷ்யா என்ற ஜெர்மானிய அரசின் சட்டத்தின் 143ஆம் பிரிவை நீக்கக் கோரி, தம் பெயரை வெளியிடாமல் அச்சிட்ட துண்டு நூல்களில் அது பொதுவெளிக்கு வந்தது. அந்தக் கடிதத்தைப் பெற்றவர் கார்ல் ஹைன்ரிச் உல்ரிக்ஸ் என்ற சட்ட அறிஞர். அவர் 1867 ஆகஸ்ட் 29 அன்று மியூனிக் நகரில் கூடிய ஜெர்மானியச் சட்டவியலாளர் மாநாட்டின் மேடையேறி, இத்தகைய சட்டங்களை நீக்க வேண்டும் என்று பேசத் தொடங்கி, அவையில் எழுந்த கூச்சலால் பேச்சை முடிக்க முடியாமல் இறங்கியவர். கிரேக்கத்தின் ‘ஹோமோஸ்’ என்பதையும் இலத்தீனின் ‘செக்சுஸ்’ என்பதையும் ஒட்டவைத்த கலப்புச் சொல் அது என்று மொழித்தூய்மையாளர்கள் குறைகூறியதுண்டு. மருத்துவ நூல்கள் அதைப் பின்னரே எடுத்துக்கொண்டு நோயின் பெயராக்கின. விடுதலை கேட்கப் படைத்த சொல் நோய்ப்பட்டியலில் போய்ச் சேர்ந்தது கொடுமைதான்.

தமிழுக்கு வருவோம். ஓரினச்சேர்க்கையில் இரண்டு இடர்ப்பாடுகள் உள்ளன. ‘இனம்’ என்பது சாதி, மரபினம், மொழியினம், விலங்கினம் என எதையும் குறிக்கக்கூடிய சொல். பாலினத்தை மட்டும் குறிப்பதன்று. ‘சேர்க்கை’ இன்னும் சிக்கலானது. கல்லூரியில் மாணவர் சேர்க்கை என்னும்போது அதில் குற்றமில்லை. ஆனால் ‘அவன் சேர்க்கை சரியில்லை’ என்று பெரியவர்கள் சொல்லும்போது உள்ள பழிப்பு இங்கேயும் ஒட்டிக்கொள்கிறது. யாரையும் தொடாமல், யாரிடமும் சொல்லாமல், மனத்துக்குள் மட்டும் காதலை வைத்திருக்கும் பதினெட்டு வயதுப் பெண்ணை இந்தச் சொல்லால் அழைக்கவே முடியாது. அவளிடம் ஈர்ப்பு உண்டு, சேர்க்கை இல்லை.

தன் + பால் + ஈர்ப்பு என்பதில் மூன்றும் தமிழில் வேரூன்றிய சொற்கள். ஆண்பால், பெண்பால் என்று ஐம்பால் பகுத்த இலக்கண மரபில் பால் என்பதன் அடிப்படைப் பொருளே பகுப்பு. புவியீர்ப்பில் உள்ள அதே ஈர்ப்புதான் இங்கும் உள்ளது. விரும்பித் தேர்ந்தெடுப்பதற்கும் வேண்டாமென்று விட்டுவிடுவதற்கும் இடமில்லாத விசை என்ற பொருள் அதில் தானாக அமைந்துவிடுகிறது. ‘பாலியல் விருப்பம்’ என்ற தொடர் பொருந்தாததற்கும் இதுவே காரணம். தன் என்பதை அடுத்துப் பகரம் வந்தால் தற்பால் என்று திரிய வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு நன்னூலே விடை சொல்கிறது: தன், என் என்பவற்றின் ஈற்று னகரம் வல்லினம் வர உறழும், அதாவது திரிந்தும் திரியாமலும் வரும். ஆகவே தற்பாலீர்ப்பு என்று எழுதுவதும் பிழையன்று. பிரித்து எழுதுவதுதான் தவறாகப் போகும். ‘காந்தம் இரும்பைத் தன்பால் ஈர்க்கிறது’ என்னும்போது தன்பால் என்பதற்குத் தன்னிடம் என்று பொருள். இடைவெளி விட்டால் படிப்பவர் அந்தப் பொருளுக்கே போய்விடுவார்.

இனி நீதிமன்ற வழக்கு. 1860இல் இயற்றப்பட்ட இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு, ‘இயற்கையின் ஒழுங்குக்கு மாறான’ உடலுறவுக்கு ஆயுள் தண்டனை வரை விதித்தது. அதில் தன்பாலீர்ப்பு என்றோ அதற்கு நிகரான வேறு பெயரோ இல்லை. செயல் மட்டுமே இருந்தது. நாஸ் அறக்கட்டளை தொடுத்த வழக்கில் 2009 ஜூலை 2 அன்று, வயதுவந்தோர் இசைவுடன் தனிமையில் கொள்ளும் உறவுக்கு இப்பிரிவு பொருந்தாது என்று தில்லி உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஏ. பி. ஷா, எஸ். முரளிதர் ஆகியோர் தீர்ப்பளித்தனர். 2013 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் சுரேஷ் குமார் கௌஷல் வழக்கில் அதைத் தள்ளிவிட்டது. அத்தீர்ப்பு சொன்ன காரணங்களில் ஒன்று இங்கே முக்கியமானது: 377ஆம் பிரிவு குறிப்பிட்ட மக்களையோ அடையாளத்தையோ ஈர்ப்பையோ குற்றமாக்கவில்லை, சில செயல்களை மட்டுமே குறிக்கிறது என்றது நீதிமன்றம். ஏட்டளவில் அது சரிதான். ஆனால் காவல் நிலையத்தில் மிரட்டப்பட்டவர்களும் பணம் பறிக்கப்பட்டவர்களும் எந்தச் செயலுக்காகவும் பிடிபட்டவர்கள் அல்லர். நடையும் உடையும் துணையும் பார்த்தே அவர்கள் அடையாளம் காணப்பட்டனர். செயல் என்ற பெயரில் மனிதர்தாம் தண்டிக்கப்பட்டனர் என்பதை நிறுவுவதே அதன்பின் வந்த வழக்கறிஞர்களின் வேலையாயிற்று.

அந்த வேலைக்கு வழிதிறந்தது, தன்பாலீர்ப்புக்கென்று தொடுக்கப்படாத ஒரு வழக்கு. ஆதார் அடையாள எண்ணையொட்டி எழுந்த புட்டசாமி வழக்கில், 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றனர். பாலீர்ப்பு அந்த அந்தரங்கத்தின் இன்றியமையாத கூறு என்பதும் அதில் இடம்பெற்றது. மறு ஆண்டு செப்டம்பர் 6 அன்று நவ்தேஜ் சிங் ஜோஹர் வழக்கில் ஐந்து நீதிபதிகள் ஒருமனதாகக் கௌஷல் தீர்ப்பைச் செல்லாததாக்கினர். இம்மக்களிடம் வரலாறு மன்னிப்புக் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறது என்று நீதிபதி இந்து மல்ஹோத்ரா எழுதியது செயலைப் பற்றியன்று, மனிதரைப் பற்றி.

தமிழ்ச் சொற்கள் நீதிமன்றத்தின் நேரடிக் கவனத்துக்கு வந்தது சென்னையில். மதுரையிலிருந்து வெளியேறிச் சென்னையில் அடைக்கலம் தேடிய இரு இளம்பெண்கள், பெற்றோரும் காவல்துறையும் தொல்லை தராதிருக்கக் கோரித் தொடுத்த வழக்கில், நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று விரிவான ஆணை பிறப்பித்தார். தீர்ப்பு எழுதுவதற்கு முன் தாமே ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து இப்பொருளைக் கற்றுக்கொண்டதை அவர் ஆணையிலேயே பதிவு செய்திருக்கிறார். பாலீர்ப்பை ‘மாற்றுவதாக’ச் சொல்லும் சிகிச்சைகளை அந்த ஆணை தடுத்தது. அவ்வழக்கின் தொடர்ச்சியாகவே, இம்மக்களை மதிப்போடு சுட்டுவதற்கான தமிழ்ச் சொற்பட்டியலைத் தமிழக அரசு 2022இல் அரசிதழில் வெளியிட்டது. இயக்கத்தினரும் எழுத்தாளர்களும் பல ஆண்டுகள் புழங்கிய சொற்கள் அரசாணையின் பலத்தைப் பெற்றது அப்போதுதான்.

பயன்படுத்தும்போது கவனிக்க வேண்டியவை சில. ஆளைக் குறிக்கத் தன்பாலீர்ப்பாளர் என்பது போதும். திருநங்கை, திருநம்பி என்பவை பாலின அடையாளத்தைக் குறிப்பவை. அவர்களைத் தன்பாலீர்ப்பாளர் என்று பொதுவாகச் சொல்வது இரு வேறு செய்திகளைக் குழப்புவதாகும். அனைவரையும் உள்ளடக்க வேண்டிய இடத்தில் பால்புதுமையர் (ஆங்கிலத்தில் குயர்) என்ற சொல் இருக்கிறது. திருமணத்தைப் பற்றி எழுதும்போது ‘தன்பாலினத் திருமணம்’ என்பதே சரி, ஏனெனில் பதிவேட்டில் எழுதப்படுவது மணமக்களின் பாலினமே; ஈர்ப்பு அங்கே பதிவாவதில்லை. அத்தகைய திருமணத்துக்குச் சட்ட ஏற்பு அளிக்க உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 17 அன்று சுப்ரியோ வழக்கில் மறுத்து, அதை நாடாளுமன்றத்துக்கு விட்டுவிட்டது. இந்திய தண்டனைச் சட்டத்துக்கு மாற்றாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 377ஆம் பிரிவே இல்லை. இலங்கையின் தண்டனைச் சட்டக் கோவையிலோ 365, 365அ பிரிவுகள் இன்னும் நீக்கப்படவில்லை. அவற்றைப் பற்றி எழுதும்போது, சட்டம் சுட்டுவது செயலையே என்பதால், செயலைக் குறிக்கும் சொல்லைக் கையாள்வதில் தவறில்லை.